அழாதவள் பக்கத்தில்தான் அத்தை படுப்பாள்

மரவள்ளிக் குச்சி கீறியதுதான் ஆரம்பம். போரில் ஜப்பான்காரன் எங்கள் நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் எல்லாரும் மரவள்ளி நட்டிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. கணுக்காலுக்கு மேலே சின்னக் கீறல் சீழ் பிடித்து, எலும்பு தெரியுமளவு குழியாகிவிட்டது.

அம்மா முன்பே செத்துப்போய்விட்டாள். அப்பாவை சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். எனக்கென்று மிஞ்சியது அப்பாவின் அக்கா, அத்தை ஒருத்திதான்.

டிரெசர் (மருத்துவ உதவியாளர்) வந்து பார்த்தார். "மருந்து ஒண்ணும் இல்லக்கா. அழுகின சதைய கரண்டியால சுரண்டி எடுக்கணும். இல்லேன்னா காலையே எடுக்க வேண்டியதுதான்."

அந்த வேலையை அத்தையே தினமும் செய்தாள். கரண்டியை வெந்நீரில் போட்டு எடுத்து, என் வாயில் துண்டைத் திணிப்பாள். தெருமுனையில் ராணுவக் காவல்.

"சத்தம் கேட்டா ஜப்பான்காரன் உள்ள வருவான். அழுதேன்னா உன் பக்கத்துல படுக்க மாட்டேன்."

சொன்னதைச் செய்வாள். அழுத நாளில் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் ஓரம் போய்விடுவாள். அழாத நாளில் என்னை வயிற்றோடு அணைத்துக்கொள்வாள். கரண்டியைத் தாங்கிக்கொண்டேன், தனியாகப் படுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அழுகையை விழுங்கப் பழகினேன். கால் பிழைத்தது.

போர் முடிகிற வருஷம் அத்தைக்குப் பெரிபெரி (சத்துக்குறைவால் நீர் கோத்து உடம்பு வீங்கும் நோய்) வந்தது. கிடைத்த அரிசியை எனக்குக் கஞ்சி வைத்துவிட்டு, அவள் கிழங்கையே தின்றிருந்தாள் பாவி. கால்கள் வீங்கின, பிறகு மூச்சு முட்டியது. ஒரு நாள் காலையிலிருந்தே "ஐயோ, அம்மா" என்று முனகினாள்.

"அழுவாதீங்க அத்தை. அழுதா பக்கத்துல படுக்க மாட்டேன்."

கையை நீட்டினாள். "கிட்ட வா புள்ள."

நான் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் ஓரம் போனேன். கோபமெல்லாம் இல்லை. அப்படித்தான் குணமாக்குவார்கள் என்று நம்பினேன்.

மத்தியானத்துக்கு மேல் முனகல் நின்றது. சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாள் என்று சந்தோஷமாகப் போய் வயிற்றோடு ஒட்டிப் படுத்தேன். அவள் கை என்னை அணைக்கவில்லை. உடம்பு சில்லிட்டிருந்தது.

இப்போது சர்க்கரை நோயால் அதே தழும்பு மறுபடி புண்ணாகியிருக்கிறது. கிள்ளானில் கட்டுப் போடும் டாக்டர், "வலிச்சா கத்துங்க பாட்டி" என்கிறார்.

"வலிக்கல லா" என்கிறேன். உயிர் போகிற வலி.

உங்கள் வீட்டில் நோயாளிப் பிள்ளை இருந்தால் கத்த விடுங்கள். எனக்கு வயசாகிவிட்டது, ஆனால் புண்ணில் கை பட்டதும் என் உடம்புக்கு ஒன்பது வயதுதான். கட்டுப் போட்ட ராத்திரிகளில் கட்டிலின் ஓரமாக ஒதுங்கிப் படுக்கிறேன். நான்தான் அழவில்லையே, அத்தைக்கு இடம் வேண்டும்.