தீக்குருவிப் பெட்டியும் குருசாமி அண்ணனும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆமத்தூரிலிருந்து சிவகாசி போகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பட்டாசுக் கடைக்காரர்களும் அச்சகத்துக்காரர்களும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில், குருசாமி அண்ணன் பெயரில் ஒரு குரல் செய்தி வந்தது. இரண்டு வருடமாக அந்தப் பெயரிலிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை. முந்தின நாள்தான் ‘முள்ளரண்’ படத்தின் இரண்டாம் பாகத்துக்கு டிரெய்லர் விட்டிருந்தார்கள். மனுஷன் பொறுக்க மாட்டாமல் வாயைத் திறந்துவிட்டார் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நெரிசலில் முழங்கையை மடக்கி போனைக் காதில் வைத்தேன். பேசியது அவருடைய மகன். "அப்பா காலைல தவறிட்டாக. இந்தக் குரூப்புல இருக்கவக எல்லாரும் அப்பா மேல பிரியமா இருப்பாகன்னு அம்மா சொன்னாக. அதான் இதுலயே சொல்றேன்." அவ்வளவுதான். இறங்கவும் வழியில்லை, உட்காரவும் இடமில்லை. சிவகாசி வரும்வரை நின்றுகொண்டே அழுதேன். உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் ஒன்றும் கேட்காமல் என் சாப்பாட்டுப் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

குழுவில் அவரோடு பழகிய உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பழகாதவர்களுக்கும் விளங்கட்டும் என்று சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கான லேபிள் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. நான் லேபிள் வரைகிறவள். பல வருடம் ஒரே அறையில் எதிரெதிர் மேசை. இந்தத் தொழிலில் ஒரு கோணல் உண்டு. தீபாவளிக்கு எந்தப் படத்தின் முகத்தைப் பெட்டியில் போடுவது என்று மாசி, பங்குனியிலேயே முடிவு செய்தாக வேண்டும். படமோ ஆடியிலோ ஆவணியிலோதான் வரும். பார்க்காத படத்துக்கு மார்க் போடுகிற பிழைப்பு இது. எந்தப் படம் நிற்கும் என்று முதலாளிகள் வந்து கேட்கிற ஆள் குருசாமி அண்ணன். "போஸ்டரைப் பாத்து ஏமாறாத தாயி, போஸ்டர் அடிக்கிறதே நாமதான்" என்பார்.

படம் வந்த பிறகு அவருடைய இரண்டாவது வேலை தொடங்கும். முதல் காட்சி பார்ப்பார். வெளியே வந்தால் பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரை வாயைத் திறக்க மாட்டார். சாமி வந்து மலையேறின ஆள் மாதிரி முன்னால் நடப்பார். நாங்கள் பின்னாலேயே போவோம். ஒரு டீ உள்ளே போனதும் போனை எடுத்துக் குழுவில் ஒற்றை வார்த்தையில் தீர்ப்பு. "ஏறும்", அல்லது "நமுத்துப்போச்சு". ஈரம் குடித்த வெடிக்கு எங்கள் ஊரில் அந்தச் சொல்தான். ஏறும் என்றால் காரியாபட்டி, அருப்புக்கோட்டைக் கடைக்காரர்கள் வரை அந்தப் படம் போட்ட பெட்டியைக் கூடுதலாக ஆர்டர் போடுவார்கள். நமுத்துப்போச்சு என்றால் வேறு பெட்டிக்குப் போவார்கள். ஊரார் சரக்கு அவர் நாக்கில் இருந்தது. அந்த நாக்கு ஒருநாளும் அதற்காக விலைபோனதில்லை.

‘முள்ளரண்’ படமாவதற்கு முன்னால் நாவல், ஐந்து பாகம். பிள்ளைகளிலிருந்து பெரியவர்கள் வரை அதைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் உங்களுக்கே தெரியும். அண்ணன் ஒவ்வொரு பாகத்துக்கும் கழிவு லேபிள் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பார். கை கழுவாமல் தொட்டால் என் மேல் எரிந்து விழுவார். கதை தெரியாதவர்களுக்கு: முள்மரங்கள் சுற்றி வளர்ந்து மூடிக்கொண்ட ஒரு கோட்டை. உள்ளே ஊரே மாட்டிக்கொண்டிருக்கிறது. காவல்காரன் மகள் செம்பி கையில் ஒரு தீக்குருவி கிடைக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி. கையைத் திறந்தால் முள் எரியும், ஊரும் சேர்ந்து எரியும். திறக்காவிட்டால் ஊர் பசியில் சாகும். ஐந்து பாகமும் அந்த மூடிய கைதான். "நம்ம ஊருக் கதை தாயி இது. தீயைக் கையில வச்சுக்கிட்டு, திறக்கவும் முடியாம வைக்கவும் முடியாம" என்று ஒருநாள் சோற்றில் மோரை ஊற்றியபடி சொன்னார். அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் மோர் காரம் போல என்று கிண்டல் செய்தேன்.

அது படமாகிறது என்று சேதி வந்த பங்குனியில், எம். புதுப்பட்டியிலிருந்து மாரியப்பன் வந்தார். சின்ன பட்டாசு கம்பெனி வைத்திருப்பவர். பெரிய கம்பெனிகள் பத்துப் படத்தைப் பத்து விதப் பெட்டியில் போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். மாரியப்பனுக்கு ஒரு சீசனுக்கு ஒரே ஒரு கிஃப்ட் பெட்டிதான். அது நின்றால் அவர் நிற்பார், விழுந்தால் அவரும் அவரிடம் வேலை பார்க்கும் பெண்களும் விழுவார்கள். "என்னண்ணே சொல்றீக, முள்ளரண் போடலாமா?" என்று கேட்டார். வேறு எந்தப் படமென்றாலும் அண்ணன் ஆயிரம் கேள்வி கேட்பார். அன்றைக்கு யோசிக்கவே இல்லை. "ஏறும்" என்றார்.

பட கம்பெனி அனுமதி கொடுத்து அனுப்பிய படத்தைத் திரையில் திறந்ததும் எனக்குச் சுருக்கென்றது. குருவி கோட்டையைவிடப் பெரிதாக இறக்கையை விரித்து நின்றது. "அண்ணே, இது குருவியா, யானைக்கு இறக்கை முளைச்சதா?" என்றேன். "விளம்பரத்துக்குப் பெருசாப் போட்டிருப்பாக. படத்துல கைக்குள்ளதான் இருக்கும்" என்றார். போஸ்டரை நம்பாதே என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த அதே வாய். புத்தகத்துக்கு விழுந்த மார்க்கை அவர் படத்துக்குப் போட்டுவிட்டார். ஆடிப்பெருக்கு அன்று மாரியப்பன் பூஜை போட்டு முதல் பெட்டியை அண்ணன் கையில்தான் கொடுத்தார்.

ஆவணியில் படம் வந்தது. முதல் காட்சிக்கு, நாவலைப் படித்த ஊர் வாசகர் வட்டத்தோடு போனோம். அண்ணனுக்கும் எனக்கும் வரிசையின் நட்டநடு இருக்கை. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் முழங்கால்கள். இடைவேளைக்கு முன்னால் செம்பி கையைத் திறந்தாள். ஐந்து பாகம் திறக்காத கை அது. ராட்சசக் குருவி எழும்பி, பாட்டுப் போட்டுக்கொண்டு, கோட்டையைக் கொளுத்தியது. திரையில் எல்லாரும் கைதட்டினார்கள். தியேட்டருக்குள் ஒருத்தர்கூடக் கைதட்டவில்லை. எனக்கு முன்வரிசையில் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி முந்தானையால் பிள்ளையின் கண்ணை மூடினாள். அண்ணன் சட்டைப்பையில் போன் மினுக்கியது. மாரியப்பன். "எப்படிண்ணே?" என்று ஒரு வரி. அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒருவர் காலை மடக்காமல் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் பாப்கார்ன் வாளியோடு ஒரு குடும்பம். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். மிச்சப் படம் முழுக்க அவர் மூச்சு விடுகிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

டீக்கடையில் டீ ஆறி ஆடை கட்டியது. குழுவில் ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். "அண்ணாச்சி, வாயைத் திறங்க", "ஏறுமா?", "ஞாயித்துக்கிழமை லோடு எடுக்கணும்". அண்ணன் போனை எடுப்பார், பேசுவார், அழிப்பார். "முன்னால போனாக் கடிக்குது, பின்னால போனா உதைக்குது" என்றார். பேசாமலே இருந்துவிடுங்கள் என்று நான் சொன்னேன்.

"நான் பேசாம இருந்தா அதுவே தீர்ப்புதான தாயி. என்னைக்கு நான் பேசாம இருந்திருக்கேன்?"

"அப்ப ஏறும்னு சொல்லிட்டுப் போங்க. யாரு கேக்கப் போறா?"

"காரியாபட்டிக்காரன் என்னை நம்பி கடையை ரொப்பிடுவான். மாரியப்பன் தலையில விழுந்ததைத் தூக்கி அவன் தலையில வைக்கவா?"

பிறகு எழுந்துபோய் எம். புதுப்பட்டி பஸ்ஸில் ஏறினார். நானும் ஓடிப்போய் ஏறினேன்.

மாரியப்பன் வீட்டு முன்னறையில் காலி பெட்டிகள் விட்டம் வரை அடுக்கியிருந்தன. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் குருவி. அண்ணன் நாற்காலியில் உட்காராமலே சொன்னார்.

"மாரியப்பா, படம் நமுத்துப்போச்சு. ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

மாரியப்பன் அடுக்கியிருந்த பெட்டிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒரு வாரம் பொறுங்கண்ணே. கடைக்காரக வந்து லோடு ஏத்திட்டுப் போயிறட்டும். அப்புறம் என்ன வேணாலும் சொல்லுங்க" என்றார்.

"அப்ப மாட்டுறது அவுக."

"இப்ப மாட்டுறது நான். நீங்கதானண்ணே ஏறும்னீக."

மாரியப்பன் மனைவி காப்பி கொண்டுவந்தார். "உக்காருங்கண்ணே, சாப்பிட்டீகளா?" என்று அவர் கேட்டபோது எனக்கு அந்த வீட்டை விட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. வாசலை மறித்துக்கொண்டு பெட்டிகள் நின்றன. அண்ணன் போனை எடுத்தார். அந்த வீட்டுக்காரர்கள் முன்னாலேயே பேசினார். இந்தக் குழுவில் இருக்கிற எல்லாரும் கேட்டதுதான், ஆனாலும் எழுதுகிறேன். "படம் நமுத்துப்போச்சு. எரியுறதைப் பயமில்லாம எடுத்திருக்காக, அதான் அதுல சூடு இல்லை. இந்த லேபிளைப் போடச் சொன்னவன் நான், மாரியப்பன் இல்லை. பெட்டிக்குள்ள இருக்கிறது நல்ல பட்டாசு, அதுக்கு என் வாக்கு. படத்துக்காக வாங்காதீக. பட்டாசுக்காக வாங்குறவக வாங்குங்க."

"அனுப்பிட்டீகளா?" என்று மாரியப்பன் கேட்டார். "அனுப்பிட்டேன்" என்றார் அண்ணன். மாரியப்பன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கேயும் குருவிதான் இருந்தது.

சிலர் அந்த வாக்குக்காகவே வாங்கினார்கள். பலர் வாங்கவில்லை. பாதிச் சரக்கு கிட்டங்கியிலேயே தங்கிப்போனது. அடுத்த சீசனில் மாரியப்பனால் பாதிப் பேரைத்தான் வேலைக்குக் கூப்பிட முடிந்தது. அவர் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினார். அண்ணன் ஊரோடு பேசுவதை நிறுத்தினார். எந்தப் படத்தைப் பற்றிக் கேட்டாலும் "நான் இப்ப படம் பாக்குறதில்லை" என்பார். பச்சைப் பொய். ஒரு புதன்கிழமை மதியக் காட்சியில் கடைசி வரிசையில் கைக்குட்டையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவரை நானே பிடித்தேன். டீக்கடைக்கு இழுத்துப்போய் படம் எப்படி என்றேன். "டீ நல்லா இருக்கு" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அன்றைக்குச் சொன்னதில் என்ன தப்பு, ஏன் இப்படி உங்களை நீங்களே பூட்டிக்கொண்டு கிடக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். "கடைசில சொன்னது தப்பில்லை தாயி. முதல்ல சொன்னேன் பாரு, ஆசைப்பட்டுச் சொன்னேன். அதுக்கு மாரியப்பன்கிட்ட வேலை பாத்தவக வேலையில்லாம இருந்தாக. எனக்கு வாய் எதுக்கு?" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தப் பங்குனியில் இரண்டாம் பாகத்துக்கும் லேபிள் கேட்டு ஒரு ஆர்டர் வந்தது. அனுப்பியவர் மாரியப்பன். விட்ட இடத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, நேரில் வராமல் ஆளிடம் சொல்லியனுப்பியிருந்தார். அது மெஷினில் ஓடியபோது அண்ணன் நிறத்தை மட்டும் சரிபார்த்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாதென்று உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

அன்று அண்ணனைத் தூக்குகிற நேரத்தில் மாரியப்பன் வந்தார். தோளில் ஒரு சாக்கு. ஊர்வலத்துக்கு வாங்கி வைத்திருந்த சரவெடிகளைக் காட்டி, "அதை ஓரமா வைங்கப்பா" என்றார். சாக்கிலிருந்து முதல் படம் வந்த வருடத்துப் பெட்டிகளை எடுத்தார். குருவி வெளுத்துப்போயிருந்தது. கிட்டங்கியில் கிடந்த பழைய சரக்கு, ஊரே கூடியிருக்கிறது, இதுவும் நமுத்துப்போனால் செத்த மனுஷனுக்கு இதைவிட அவமானம் வேண்டாம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும் என்பதால் நான் அங்கேயே நின்றேன். மாரியப்பன் பெட்டியிலிருந்த சரத்தை நீளமாக விரித்து, தன் கையாலேயே பற்றவைத்தார். இடையில் ஒரு மூச்சுக்கூட விடாமல் கடைசி வெடி வரை வெடித்தது. புகை கலையும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர் என் பக்கம் வந்தார்.

"நல்ல பட்டாசுன்னு வாக்குக் குடுத்தாருல்ல தங்கச்சி. கேட்டீகளா?" என்றார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் அவரை உக்காருங்கன்னுகூடச் சொல்லலை" என்றார்.

இரண்டாம் பாகம் இந்த வெள்ளிக்கிழமை வருகிறது. கடைக்கார அண்ணாச்சிகள் இப்போது என்னைக் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். வேண்டாமென்றாலும் விடுவதாயில்லை, பேசாமல் இருந்தாலும் அதுவே பேச்சாகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் உட்கார்ந்த அதே நட்டநடு இருக்கையில் என்னைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஏறும், நமுத்துப்போச்சு எல்லாம் இல்லை. அந்தத் தீர்ப்பைச் சொல்ல எனக்கு வாய் போதாது. படம் நன்றாக இருந்தால் டீக்கடையிலிருந்தே சொல்லிவிடுவேன். இல்லையென்றால், அண்ணாச்சிகளே, முதலில் சொல்ல வேண்டிய வீடு ஒன்று இருக்கிறது, அன்றைக்குக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எம். புதுப்பட்டிக்கு பஸ் வர நேரமாகும்.