மூன்றாவது படத்தில் பதிந்த கை

"இது இடுமருந்துடா. சாக்கோட்டை வைத்தியரு ஊதி எடுத்துருவாரு."

"எட்டு மாசமா ரத்தபேதி ஆத்தா. எக்ஸ்ரே எடுத்தே தீரணும்."

"எடு. படத்துல நோவுன்னு வந்துச்சுன்னா இவ பொறந்த வீட்டுக்குப் போயிரணும்."

1969 ஆடி மாதம், காலை எட்டு மணி. சோணையம்மாளும் மகன் பூமிநாதனும் போட்ட சத்தம் காரைக்குடியில் எங்கள் தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் ஒரு சொல் விடவில்லை. மீதியை மருமகள் வீரலட்சுமியே பின்னால் சொன்னாள். கட்டுக்கதை என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்பது மாமியாரின் கட்சி. சந்தேகம் என்மேலும் இருந்ததாம்... போகட்டும்.

ஆஸ்பத்திரியில் வீரலட்சுமியை வெறும் வயிற்றில், சுண்ணாம்பைக் கரைத்தது போல ஒரு வெள்ளை மருந்தைக் குடிக்க வைத்தார்கள். அது குடலில் இறங்க இறங்க, அரைமணிக்கு ஒரு படம். பகல்தான். ஆனால் கறுப்புத் திரை போட்ட அந்த அறையில் தன் கையே தனக்குத் தெரியாது. படத்தில் எதுவும் விழக்கூடாது என்று வீரலட்சுமி பிள்ளையார்பட்டிக்கு நேர்ந்துகொண்டாள்.

11.20. "மூச்சை அடக்கு" என்றார் டாக்டரம்மா. ஒரு கை மேல்வயிற்றில் பதிந்தது. சில்லென்று...

11.50. அதே கை. தொப்புளுக்குக் கீழே. எதையோ தேடுவது போல.

12.20. வலது அடிவயிறு. வலிக்கிற இடம். கை அழுத்தியது... எடுக்கவே இல்லை.

டொக். இயந்திரம் நின்றது.

"கையை எடுங்க, டாக்டரம்மா."

"நான் தடுப்புக்குப் பின்னால நிக்கிறேன்மா."

மூன்றாவது படத்தில் குடல் ஓரிடத்தில் நூலாகச் சுருங்கிக் கிடந்தது. அதைச் சுற்றி விரல் எலும்புகள். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. டாக்டரம்மா குடலை மட்டும் காட்டி, அழற்சி, மாத்திரைக்குக் கேட்கும் என்றார்.

சோணையம்மாள் படத்தை சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறந்த வீட்டுப் பேச்சு அதோடு நின்றது.

பிறகுதான் தெரிந்தது. வீரலட்சுமி இரண்டாம் தாரம். அவர்கள் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது 1966-ல்தான்; எனக்கே தெரியாது என்றால் பாருங்கள். மூத்தவள் கருப்பி, கரும்பு ஆலையில் பாதி விரலைப் பறிகொடுத்தவள். 1964-ல் அவளுக்கும் இதே ரத்தபேதி. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிக் கெஞ்சினாளாம். சோணையம்மாள் பதினோரு வாரம் சாக்கோட்டைக்குத்தான் நடத்திக் கூட்டிப்போனாள்.

பன்னிரண்டாவது வாரம் கருப்பி இல்லை.

வீரலட்சுமி தேறினாள். தை பிறந்ததும் புருஷனோடு மதுரைக்குக் குடிபோனாள். சோணையம்மாள் நேமத்தான்பட்டியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே அவள் மல்லாந்து படுப்பதே இல்லையாம்... வயிற்றை மறைத்துக் குப்புறத்தான் தூங்குகிறாளாம்.