பெரிய நெளிவு, சின்ன நெளிவு

சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், படம் என் போனில் இருக்கிறது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம். அதன் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில், எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். கண்ணுக்கே தெரியாத துகள்களைப் படம் எடுப்பது என் வேலை. எனக்கு முன்னால் ஏகாம்பரம் என்பவர் அதைப் பார்த்தாராம். “அவர் போயிட்டார்மா” என்றார் மேலாளர் ரவிச்சந்திரன். நல்ல சம்பளம் கிடைத்துப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மெஷின் படத்தை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக வரையும். ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம். நடுவில் அறைக்குள் யாராவது நடந்தால் போச்சு. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடு நெளிந்துவிடும். வெளியே லாரி போனாலும் அதே கதிதான். அதனால்தான் ஆள் நடமாட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். திங்கள் காலைக்குள் வெள்ளித் துகளின் படம் ஒன்றாவது சுத்தமாகத் தர வேண்டும். இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது.

மணி 2.10. முதல் படம். நடுவில் நெளிவுகள். பெரியது, சின்னது. பெரியது, சின்னது. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. வாட்ச்மேன் தினகரனுக்குப் போன் போட்டு, மேலே யார் நடப்பது என்று கேட்டேன்.

“ஞாயித்துக்கெயமைல யாரும்மா வருவா? நான் கேட்டாண்ட குந்திகினு கீறேன்.”

2.31. இரண்டாவது படம். கதவைச் சாத்தினேன். நாற்காலியில் கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்தேன்.

மறுபடியும் நெளிவு. பெரியது, சின்னது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட அகலமாக...

கிட்டே வருகிறது.

2.34. நெளிவு நின்றது.

என் நாற்காலியின் முதுகு... க்ரீச்.

நான் அசையவே இல்லை.

மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கேட்டில் தினகரனிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். பெரிய அடி, சின்ன அடி என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

“ஏகாம்பரத்துக்கு ஒரு காலு கட்டையாச்சேம்மா...”

அவர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று கேட்டேன்.

“இன்னாமா நீ? போய்ட்டாருன்னு உன்கிட்ட சொல்லலியா? அந்த நாற்காலிலதான் உசுரு போச்சு.”

அன்று சாயங்காலமே பஸ் பிடித்துக் காட்டுப்பாக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை ரவிச்சந்திரன் கூப்பிட்டார். நான் போன பிறகும் மெஷின் அந்தப் படத்தை முடித்துச் சேமித்து வைத்திருந்தது. அதைத் திரையில் காட்டிக் கத்தினார்.

“படம் ஓடும்போது ஓடலாமா? அதுவும் ரெண்டு பேர்! கூட யாரும்மா?”

பார்த்தேன். 2.34க்குப் பிறகு வரைந்த கோடுகளில் என் அடிகள், வேகவேகமாக, கதவை நோக்கி மங்கிக்கொண்டே போயிருந்தன.

அவற்றின் பின்னாலேயே... பெரியது, சின்னது. பெரியது, சின்னது.

கடைசிக் கோடுவரை தேடினேன். அது அறைக்குத் திரும்பி வரவில்லை.