நாலுக்கு மூணு

போன சனிக்கிழமை என் காரின் பானெட்டுக்கு முன்னால் அசடு வழிய நின்றேன். பக்கத்தில் மனைவி ஸ்டெல்லா. எதிரே மெக்கானிக் தாஸ்.

ஸ்டெல்லா கூடுவாஞ்சேரியில் டீச்சர். நாற்பத்தைந்து வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, தாம்பரத்திலிருந்து தினமும் காரில் பள்ளிக்குப் போய்வந்தாள். ரெண்டு மாதமாக வண்டி சிக்னலில் நின்றால் உதறியது, கிளம்பினால் வெட்டி வெட்டி இழுத்தது. நான் உடனே காரணம் கண்டுபிடித்தேன் — அவள் கிளட்ச் விடுகிற லட்சணம்! நான் ஓட்டும்போதும் உதறியதே? அது ஜி.எஸ்.டி. ரோடு சரியில்லாததால்.

"எனக்கு டிரைவிங் வராதுங்க" என்று ஒருநாள் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டாள். அப்புறம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகக் கட்டுகளோடு மின்சார ரயில்தான். நானும் பெருந்தன்மையாக ஆறுதல் சொன்னேன்.

வண்டியை விற்றுவிடுவோம் என்றாள். அதற்கு முன் ஒரு தடவை காட்டலாமே என்று முடிச்சூர் ரோட்டில் தாஸிடம் போனோம். அவர் இஞ்சினில் பெட்ரோலைப் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக்குகள் நாலையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்று புதுசு. நாலாவது முனை தேய்ந்து, கன்னங்கரேலென்று இருந்தது.

"இத்த யாரு சார் மாட்னது? மூணு புச்சு கீது, ஒண்ணு மட்டும் பழசு கீது."

நான்தான். பொங்கல் லீவில் வீடியோ பார்த்து நானே மாற்றினேன். இஞ்சின் ஆறுகிற வரைக்கும் பொறுமை ஏது? பழசில் மூன்று கழன்று வந்தது, நாலாவது அசையவில்லை. சரி... நாலுக்கு மூணு பாஸ் மார்க்தானே? மிச்சமான புது பிளக்கை, எதுக்கும் இருக்கட்டும் என்று டேஷ்போர்டில் போட்டு வைத்தேன். டாக்டர் ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால் மூன்றாம் நாளே நிறுத்துகிறவர்கள்தானே நாம்?

தாஸ் நிதானமாகச் சொன்னார். வண்டியோடு வந்த புத்தகத்தில் எத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருக்கும், அப்போது நாலையும் சேர்த்து மாற்ற வேண்டும். இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். முதலில் கையால் திருகி, அப்புறம்தான் ஸ்பேனர். ஒன்று பழசானாலும் வண்டி உதறத்தான் செய்யும்.

ஸ்டெல்லா டேஷ்போர்டைத் திறந்து, அந்தப் புது பிளக்கை எடுத்து தாஸிடம் கொடுத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்ப என் கிளட்ச்?"

வெட்கமாக இருந்தது. தாஸ் முன்னாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் புது பிளக்கை மாட்டி முடித்ததும் ஸ்டெல்லா டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் ஒரு உதறல் இல்லை.

திங்கட்கிழமையிலிருந்து கார் கூடுவாஞ்சேரிக்குப் போகிறது. சாவி ஸ்டெல்லாவின் கைப்பையில்... ஃபிரிட்ஜ் மேல் இப்போது இருப்பது அந்தப் பழைய பிளக்.