பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை கேட்ட முத்தையா அங்கிள்

முத்தையா அங்கிள் நேற்றுக் காலை காலமாகிவிட்டார். மாரடைப்பு.

அவரைப் பற்றி உண்மையை மட்டும் எழுதப் போகிறேன். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது எல்லாரும் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள்... நான் சேர்க்கமாட்டேன்.

இது அம்மாவின் கணக்கு. அங்கிளைத் தெரிந்தவர்கள் பேஸ்புக்கில்தான் இருக்கிறீர்கள் என்பதால் அனுமதி வாங்கி எழுதுகிறேன். நான் கயல், உயர்நிலை மூன்று.

தெரியாதவர்களுக்காக: அங்கிள் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். சிங்கப்பூர் செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் வசிப்போர் குழுத் தொண்டூழியர். மின்தூக்கியில் ஒரு விளக்கு மினுக்கினால் போதும், அடுத்த நிமிடம் நகர மன்றத்தில் போன் அடிக்கும்.

பொறுமையானவர் என்று எழுத ஆசைதான். இல்லை.

கடந்த ஓராண்டாக அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்று. எங்கள் புளோக்கிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை கூரை. முப்பத்தொரு காலடி தூரம். அவரே நடந்து எண்ணினார்.

கேட்டது நான்காம் மாடி பரிதா மாமிக்காக. மாமி சக்கர நாற்காலியில் இருக்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சக்கரத்தைத் தள்ள இரண்டு கையும் வேண்டும், குடை பிடிக்க மூன்றாவது கை யாருக்கும் இல்லை. பெருமழையில் இரண்டு முறை பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். சிகிச்சை தவறிப் போனது.

"முத்தையாண்ணே, இப்படியே விட்டா நான் கிட்னி சீக்குல போவ மாட்டேன், சளி புடிச்சுத்தான் போவேன்" என்பார் மாமி.

"பேசாம இருங்க மாமி. முப்பது வருஷம் ஸ்டாப்புல நனையிறவங்கள உள்ள உக்காந்து பாத்தவன் நான். எனக்குத் தெரியும்."

கையெழுத்து மனு தயாரானது. என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் நான் செக்ரட்டரி. அப்படித்தான் கூப்பிடுவார். கயல் என்று ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்த் திருமணம். நல்ல கூட்டம். அங்கிள் மனு அட்டையை வாசல் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். விளக்கம் எழுதிய முதல் பக்கத்தைப் பின்னால் மடித்திருந்தார். மேலே தெரிந்தது வெறும் கோடுகளும் ஒரு பேனாவும்.

திரும்பி வந்தால் நான்கு பக்கம் நிரம்பியிருந்தது! "பாத்தியா செக்ரட்டரி? ஜனங்க தங்கம்!"

நான் படித்துப் பார்த்தேன். பாதிப் பேர் மணமக்களை வாழ்த்தியிருந்தார்கள். ஒருவர் நிறையப் பிள்ளைகள் பிறக்கட்டும் என்று வேண்டியிருந்தார். ஒருவர் இதயம் வரைந்திருந்தார். ஆறு பேர் மலேசியாவிலிருந்து வந்த ஜொகூர்க்காரர்கள்.

"அங்கிள், இவங்க கூரைக்குக் கையெழுத்துப் போடல. கல்யாணத்துக்குப் போட்டிருக்காங்க."

"கல்யாணமும் கூரைக்குக் கீழதான நடந்துச்சு? அனுப்பு லா."

நான் மறுத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தானே நகர மன்றத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

அடுத்த வாரம் நகர மன்றத்திலிருந்து ஓர் அதிகாரி போன் செய்தார். அங்கிள் ஸ்பீக்கரில் போட்டார். மிக மரியாதையாக ஒரே கேள்வி: மாப்பிள்ளை யார்?

"நான் இல்ல. எனக்கு எழுபத்தொண்ணு" என்றார் அங்கிள்.

புளோக்கில் குடியிருப்பவர்களின் கையெழுத்து மட்டும்தான் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே மணமகளின் அப்பா வந்து, எங்களுக்கு வந்த வாழ்த்தெல்லாம் எங்கே என்று கேட்டார். அங்கிள் தலையைச் சொறிந்துகொண்டு, முன்பே எடுத்து வைத்திருந்த நகலைக் கொடுத்தார். அசல் நகர மன்றத்தில் இருந்தது.

அப்புறம் முதலிலிருந்து. கீழிருந்து மேலே, ஒரு மாலைக்கு ஒரு மாடி. அழைப்பு மணியை விடாமல் அழுத்துவார். தொலைக்காட்சி நாடக நேரம் என்று பார்க்கமாட்டார். "ஒரு கையெழுத்துதான் லா, சொத்தையா எழுதிக் கேக்குறேன்?"

சென்ற சனிக்கிழமை ஒன்பதாம் மாடி முடிந்தது. பாக்கி மூன்று.

இன்று மதியம் கீழ்த்தளத்திலிருந்து அங்கிளை மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோனார்கள். மழை. எல்லாரும் போன பிறகு பரிதா மாமி கீழ்த்தளத்தில் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"எத்தன மாடி பாக்கி?"

"மூணு, மாமி. ஆனா இன்னைக்குப் போயி..."

"அழுவுறத லிஃப்டுல அழுவலாம். அட்டைய எடு."

போனோம். யாரும் மறுக்கவில்லை, பன்னிரண்டாம் மாடிக் கடைசி வீட்டைத் தவிர. அங்கே இருப்பவர் மணியம் அங்கிள். நடைவழியை அடைக்கிறது என்று அவருடைய ரோஜாத் தொட்டிகளை எடுக்க வைத்தவர் முத்தையா அங்கிள்தான்.

"அந்த மனுஷனுக்கு நான் போட மாட்டேன்" என்றார்.

"அவருக்கு எதுக்கு? அவரு நனையாம போயிட்டாரு. நான்தான் நாளைக்கு டயாலிசிஸ் போவணும்" என்றார் மாமி.

மணியம் அங்கிள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். பிறகு பேனாவைக் கேட்டார். "அடுத்த மழைக்குள்ள கட்டிருவாங்களா?"

"அடுத்த மழை இப்பவே பேஞ்சிட்டிருக்கு. போடுங்க."

போட்டார். மாடி எண், வீட்டு எண், எல்லாம் தெளிவாக.

மாமியின் வீடு இருக்கும் நான்காம் மாடியில் மின்தூக்கியை நிறுத்தப் போனேன். கீழே போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்றார் மாமி.

கீழ்த்தளத்தில், சாவுக்குக் கூடாரம் போட்ட கூடாரக்காரர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அங்கிளின் பெட்டி இருந்த இடத்துக்கு முன்னால் மாமி நிறுத்தச் சொன்னார்.

"முடிஞ்சிருச்சு, முத்தையாண்ணே. எல்லாம் நம்ம புளோக்கு ஆளுங்கதான்."

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன், அங்கிள். போய் வாருங்கள்.

கூடாரக்காரர் ஒருவர், முடிந்ததா என்று எங்களைக் கேட்டார். மாமி தலையாட்டினார். விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.