பங்குனியில் அணையத் தொடங்கிய சிஸ்டம்

என் எடிட்டிங் கம்ப்யூட்டர், நாங்கள் சொல்கிறபடி சிஸ்டம், முதன்முதலில் தானாக அணைந்தது பங்குனி மாதம் ஒரு நாள் பகல் பதினொன்றரை மணிக்கு. சாத்தான்குளத்துக் கல்யாணம் ஒன்றை வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, முழு வீடியோவாக உருவாக்க விட்டிருந்தேன். இதை நாங்கள் ரெண்டர் போடுவது என்போம். அறுபத்திரண்டு சதவீதம் வந்ததும் திரை கறுத்துப்போனது. தலைக்கு மேல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. கரண்ட் போகவில்லை.

பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையை வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறவன் நான். அப்போது எனக்கு வேலை வந்துகொண்டிருந்தது ஒரே ஒருவரிடமிருந்து. ஸ்ரீவைகுண்டத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. அந்தப் பக்கத்துக் கல்யாண மாப்பிள்ளைகள் பாதிப்பேர் வெளிநாட்டில் இருப்பவர்கள். லீவு முடிந்து விமானம் ஏறுவதற்குள் வீடியோ அவர்கள் கையில் இருக்க வேண்டும். தவறினால் அண்ணாச்சிக்குக் கெட்ட பெயர், எனக்கு வேலை இல்லை. இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

சிஸ்டம் பழையதுதான். பன்னிரண்டு வருடம் இருக்கும். ஆனால் அதன் மூளையான ப்ராசஸர் அந்தக் காலத்தில் தேடிப் பிடித்து, ஆசைப்பட்டு வாங்கியது. அதன் காலி அட்டைப் பெட்டியைக்கூட நான் தூரப் போடவில்லை. என் மனைவி இரண்டு முறை குப்பையில் போட்டாள், இரண்டு முறையும் எடுத்து வந்து அலமாரிக்கு மேலே வைத்தேன்.

உடனே கூப்பிட்டது என் கூட்டாளியைத்தான். இருபது வருடப் பழக்கம். ஒரே ஸ்டூடியோவில் அவன் லைட் பிடிக்க, நான் கேமரா பிடிக்க, கல்யாணம் கல்யாணமாக அலைந்தவர்கள். கடைசிப் பந்தியில் பாயசம் ஒரு டம்ளர்தான் மிச்சம் என்றால் பாதிப் பாதி. அந்த ஸ்டூடியோ மூடியதும் அவன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை போட்டான். நேரில் நாங்கள் ஒருவரையொருவர் நீர், உமக்கு என்றுதான் பேசிக்கொள்வோம். இப்போது எழுதும்போது அவன் என்றுதான் வருகிறது. இருக்கட்டும்.

அவன் வந்தான். சிஸ்டத்தைத் தொட்டுப் பார்த்தான்.

"கரண்ட்டுதான் வே. உங்க தெருவுல வோல்டேஜ் ஒரு நிலையில நிக்க மாட்டேங்கு."

நம்பினேன். எங்கள் தெருவில் எது கெட்டாலும் கரண்ட்டைத்தான் சொல்வோம். எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்தப் பிளக்குக்குத் தனி ஒயர் இழுத்தேன். நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அணைந்தது.

அடுத்து மெமரி. அதைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை என் மகளின் அழி ரப்பரால் தேய்த்து மாட்டினோம். அதற்கடுத்து தூசி. அதற்கடுத்து ஹார்ட் டிஸ்க். அதற்கடுத்து விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினோம். ஒவ்வொரு தடவையும் அவன் பொறுமையாக, ஒரு டாக்டர் நோயாளியிடம் கேட்பதுபோல, என்னிடம் கேட்பான். எத்தனை மணிக்கு அணைந்தது, எத்தனை சதவீதத்தில், சத்தம் கேட்டதா. நான் நோட்டில் எழுதி வைத்துச் சொல்வேன். அவனும் தலையாட்டிக் கேட்டுக்கொள்வான்.

ஒவ்வொரு தடவையும் நடுவில், "பசிக்கி வே, முக்குக் கடையில ரெண்டு வடை வாங்கிட்டு வாரும்," என்பான். வாங்கி வருவதற்குள் ஏதாவது செய்து முடித்திருப்பான். சில நாட்கள் ஓடும். பிறகு பழையபடி. ஒவ்வொரு தடவைக்கும் சிஸ்டத்தின் சூடு மட்டும் கூடிக்கொண்டே வந்தது.

சித்திரை வந்தது. காலையில் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும் சிஸ்டம், பத்து மணி வெயில் ஏறியதும் படுத்துவிடும். பக்கவாட்டு மூடியைக் கழற்றிப்போட்டு, பிள்ளைகள் அறையிலிருந்த டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து அதன் வயிற்றுக்கு நேராக வைத்தேன்.

"பெத்த பிள்ளைங்க வேர்த்து ஒழுகுதுங்க, பொட்டிக்குக் காத்து வாங்குதீங்க," என்றாள் மனைவி. பிறகு அவளே, "உங்க கூட்டாளி வந்துட்டுப் போனா நாலு நாளு ஓடுது. பொறவு படுத்துருது. இது என்ன வைத்தியமோ," என்றாள்.

அவள் மேல் எரிந்து விழுந்தேன். தன் வேலையை விட்டுவிட்டு வருகிற மனிதனைப் போய் இப்படிச் சொல்லலாமா என்று கத்தினேன். அந்தக் கத்தலை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மூன்று கல்யாண வீடியோக்கள் தவறின. மூன்றாவது மாப்பிள்ளை வீடியோ இல்லாமலேயே விமானம் ஏறினார். அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு, எடுத்த படத்தை ஏற்றிய ஹார்ட் டிஸ்க்கை எனக்கு அனுப்பவில்லை, அவ்வளவுதான். வைகாசி முழுவதும் நான் வேலை இல்லாமல் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான்தான் எங்கேயோ தப்பாக அமுக்குகிறேனோ என்று மவுஸைத் தொடவே பயந்தேன்.

கூட்டாளி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான். "வயசாயிட்டு வே. தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கும்."

வேறு வாங்கும் நிலையிலா இருந்தேன்? இணையத்தில் யாரோ ஒருவர் பழைய சிஸ்டம் தானாக அணைவது பற்றிப் பேசியிருந்த வீடியோவைப் பார்த்தேன். எதையும் கழற்றுவதற்கு முன்னால், சிஸ்டம் எழும்போது வருகிற நீலத் திரைக்குள் போய் எல்லாவற்றையும் கம்பெனி வைத்தபடிக்கு மாற்றிவிடுங்கள், அதுதான் முதல் வேலை என்றார். என் கூட்டாளி தேடாத ஒரே இடம் அதுதான். "அங்கன மட்டும் போயிராதேயும். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டுன்னா போர்டே போயிரும்," என்று முதல் நாளே எச்சரித்திருந்தான்.

ஒரு காலையில் துணிந்து போனேன். மாற்றினேன். சாத்தான்குளத்துக் கல்யாணத்தையே மறுபடியும் ரெண்டர் போட்டேன். மத்தியானம் உச்சி வெயிலில்கூட அணையவில்லை. ஆனால் நகர்ந்து நகர்ந்து, சாயங்காலம்தான் முடித்தது. சிஸ்டம் காட்டும் வேகத்தைப் பார்த்தால் நான் பன்னிரண்டு வருடமாகப் பார்த்துவந்த எண் இல்லை, அதைவிடக் குறைவு. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பதறி அவனுக்குப் போன் போட்டேன்.

"நீலத் திரையில எல்லாத்தையும் பழசுக்கு மாத்துனேன் வே. இப்ப வேகம் கொறஞ்சு காட்டுது."



"அத ஏம்வே தொட்டீரு?" என்றான்.

எவ்வளவு காட்டுகிறது என்று கேட்கவில்லை. அணைகிறதா என்றும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நானே சிஸ்டத்தைக் கழற்றினேன். ப்ராசஸர் மேல் அப்பியிருந்த பசையைத் துணியால் துடைத்து, அதில் பொறித்திருந்த எழுத்தைப் படித்தேன். அலமாரிக்கு மேலிருந்து அட்டைப் பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் இருந்த எழுத்து ஒன்றல்ல. உள்ளே இருந்தது அதே வகையில் ஒரு மட்டம் குறைந்தது. அதற்குக் கம்பெனி வைத்த வேகத்துக்கு மேலே ஏற்றி, ஓவர்கிளாக் செய்து, என்னுடைய ப்ராசஸரின் வேகத்தையே காட்ட வைத்திருக்கிறான். ஐப்பசி மழையில், தூசி தட்டித் தருகிறேன் என்று அவன் சிஸ்டத்தை இரண்டு நாள் கடையில் வைத்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழையும் மார்கழிக் குளிரும் இருந்தவரை அது தாக்குப்பிடித்திருக்கிறது. வெயில் வந்ததும் மூச்சுத் திணறி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது. நான் வடை வாங்கப் போன நேரங்களில், அது இன்னும் சில நாள் ஓடட்டும் என்று அவன் அதற்குப் போகும் கரண்ட்டைக் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறான். சூடு கூடிக்கொண்டே வந்தது அதனால்தான்.

காலி அட்டைப் பெட்டியைக் கொண்டுபோய் அவன் கடை மேஜையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லவா வே?" என்றான்.

நான் உட்காரவில்லை. அவனே சொன்னான்.

"ஒரு டாக்டர் வீட்டு சிஸ்டம் வந்திச்சு. கழத்தும்போது கை தவறிட்டு. அதே ப்ராசஸர். இப்ப புதுசு எங்கன தேடினாலும் கெடைக்காது. உம்ம சிஸ்டம் முன்னால இருந்திச்சு, அதுல உள்ளதக் கழத்தி அங்கன மாட்டிட்டேன்."

"என்ட்ட கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டா தந்திருப்பீரு. பொறவு அந்த டாக்டருக்கும் உமக்கும் ரெண்டு பேருக்கும் நான் தல குனியணும்."

"கடையில அதே ப்ராசஸரோட வேற சிஸ்டமே இல்லையா?"

"இருந்திச்சு. மத்தவன்னா கண்டுபிடிச்சிருவான் வே. நீரு என்னயச் சந்தேகப்பட மாட்டீரு."

அதை அவன் என்னைப் பெருமையாகச் சொல்வது போலத்தான் சொன்னான். எனக்கு ஆத்திரம் வந்தது. எடுத்ததைக்கூட ஒரு நாள் பொறுத்துக்கொண்டிருப்பேன். எடுத்தவனே என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் நோட்டைப் புரட்டி, என்னோடு சேர்ந்து தேடினானே, அதைப் பொறுக்க முடியவில்லை. அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஸ்ரீவைகுண்டம் பஸ் ஏறினேன். நடந்ததைச் சொன்னால் அண்ணாச்சி புரிந்துகொள்வார், வேலை திரும்ப வரும் என்று நம்பினேன். ஸ்டூடியோவில் அவர் திருச்செந்தூர்க் கடற்கரையில் எடுத்த ஒரு ஜோடியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"சித்திரையிலயே உங்க கூட்டாளிக்குப் போன் போட்டு விசாரிச்சேன் தம்பி. நேர்லயே வந்துட்டாரு. சிஸ்டத்துல ஒரு கோளாறும் கெடையாது, நான்தான் வாராவாரம் பாக்கேன், அவருக்குத்தான் முன்ன மாதிரி வேலையில கவனம் இல்லன்னாரு."

நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஐப்பசி, ப்ராசஸர், நீலத் திரை, வடை, டாக்டர் வீட்டு சிஸ்டம், எல்லாம். பேசப் பேச என் குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. அண்ணாச்சி முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, உங்களப் பத்திச் சொல்லும்போது அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிட்டு. இருவது வருசக் கூட்டாளி. அவரு போயி இப்படிச் செய்வாரா?"

ஒரு வாரத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது வந்து இதைச் சொல்லியிருந்தால், நானும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். கேட்டு, சொன்னவரை வீட்டுக்கு வெளியே அனுப்பியிருப்பேன்.