சதுர வீட்டிலிருந்து ஊற்றடி வரை

தெற்குப் பிரான்ஸில் நீம் என்னும் நகரத்தில் நான் முதலில் கண்டு திகைத்தது ஒரு ஸ்கூட்டர்காரரை. ஈராயிரம் வருடத்துச் சுவர் ஒன்றில் ஸ்கூட்டரைச் சாய்த்துவிட்டு, எதிரிலிருந்த ரொட்டிக் கடைக்குப் பாண் வாங்கப் போனார். அது சும்மா சுவரும் அல்ல. உரோமர்கள் கட்டிய முட்டை வடிவ அரங்கம், வளைவுக்கு மேல் வளைவாக இரண்டு அடுக்கு. மனிதர் திரும்பி வந்து, பாணின் நுனியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, ஒருதரம்கூட அண்ணாந்து பார்க்காமல் புறப்பட்டுவிட்டார். வாயைப் பிளந்துகொண்டு நின்றது நான்தான். ஒஸ்லோவில் பழைய பொருள் என்றால் அதற்குத் தனி மண்டபம் வேண்டும், மங்கல் வெளிச்சம் வேண்டும், தொடாதே என்ற அறிவிப்பும் வேண்டும். வைக்கிங் காலத்துக் கப்பல்களைப் பார்க்கப் போகும்போது, ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கப் போனவர்கள்போலக் குசுகுசுத்துத்தான் கதைப்போம். ஒஸ்லோவின் ஓரத்தில் ஹவுகன்ஸ்டுவாவில் நான் இருக்கும் அடுக்குமாடிக்கு என் வயதுகூட இல்லை, அதற்குள் அதைப் பழைய கட்டடம் என்கிறார்கள்.

நான் ஊர் பார்க்க வந்தவள் அல்ல. இரண்டாயிரத்தோராம் ஆண்டு மாசி மாதம் அது. தை மாதத்தில் எங்கள் அப்பா யாழ்ப்பாணத்தில் தவறிப்போனார். போரினால் யாழ்ப்பாணத்துக்குப் பாதை பூட்டியிருந்த காலம். என்னிடம் நோர்வேஜியக் கடவுச்சீட்டு இருந்தும் ஒன்றுக்கும் உதவவில்லை. தம்பியிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். அதைக்கொண்டு இலங்கையைத் தவிர எந்த நாட்டுக்கும் போகலாம். ஒரே மகன் பிரான்ஸில் இருக்க, பெரியப்பாவின் மகன்தான் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தான். அம்மா அழுது முடித்து என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கைத் தம்பி கையால் செய்யவேண்டும். மகள் செய்ய எங்கள் வழக்கத்தில் இடமில்லை. இருந்திருந்தால் நான் யாரையும் கெஞ்சிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

பாரிஸில் ஐயர் ஒருவரைப் பேசி ஒழுங்கு செய்தேன். தொலைபேசியில் தம்பி ஒரே சொல்லில் மறுத்தான். "கொள்ளி வைக்காதவனுக்கு அந்தியேட்டி எதுக்கு?" அவனை நேரில் பிடித்து இழுத்துக்கொண்டு போவதென்று நான் லீவு கேட்டேன். முதியோர் இல்லத்தில் எங்கள் பிரிவின் தலைவி நல்ல மனுஷி. மரணச்சடங்கு எப்போது என்று கேட்டாள். அடுத்த நாளே முடிந்துவிட்டது என்றேன். நோர்வேயில் இறந்தவர் வாரக்கணக்கில் குளிர் அறையில் காத்திருப்பார், எல்லோருக்கும் வசதியான நாளில்தான் அடக்கம் நடக்கும். அப்படியிருக்க முடிந்துபோன சடங்குக்கு ஏன் லீவு என்று அவளுக்கு விளங்கவில்லை. இன்னொன்று மிச்சமிருக்கிறது என்றேன். உங்கள் ஆட்கள் ஒரு மனிதரை எத்தனை தரம்தான் வழியனுப்புவீர்கள் என்று கேட்டாள். கேலியாகத் தெரியவில்லை, உண்மையாகவே அறிய விரும்பினாள். லீவும் தந்தாள்.

நீமில் குடியிருந்த தம்பி முதல் நாள் விமான நிலையத்துக்கு வந்து என்னைக் கூட்டிப் போனான். கடைசியாகப் பார்த்தபோது மீசை அரும்பாத பெடியன். நான் நோர்வேயின் வடகோடியில் பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டப் போன வருடம்தான் அவன் பாரிஸ் போனான். இப்போது காதோரம் நரைத்திருந்தது. கல்யாணம் கட்டவில்லை, ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் வேலை. மறுநாள் விடிந்ததும், "வாங்கோ அக்கா, ஊரைச் சுத்திக் காட்டுறன்" என்று புறப்படுத்தினான். அடுத்த நாள் முப்பத்தொன்று. அதற்கு முந்திய மாலையே புறப்படும் பாரிஸ் ரயிலுக்கு என் கைப்பையில் இரண்டு டிக்கெட் இருந்தன. கேட்டால் கதையை மாற்றுவான் என்று தெரியும். நடக்கவிட்டுப் பிடிப்போம் என்று கூடவே போனேன்.

அரங்கத்தைச் சுற்றி நடக்கும்போது அவன் வாய் ஓயவில்லை. உரோமர் போனபின் சனங்கள் பயத்தில் இந்த அரங்கத்துக்குள் போய் ஒளிந்து, பிறகு அங்கேயே வீடு கட்டி, கோயில் கட்டி, பிள்ளை பெற்று, தலைமுறை தலைமுறையாக இருந்தார்களாம். பின்னாளில் அரசாங்கம் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு அரங்கத்தைத் துப்புரவாக்கியது. "பாருங்கோவன் அக்கா, சண்டை பாக்கக் கட்டினதுக்குள்ளை அகதிக்கு இடம் குடுத்திருக்கிறாங்கள்" என்றான். தானே முன்னின்று கட்டினவன்போல அவன் முகத்தில் ஒரு பெருமை. எனக்கும் அந்தச் சனங்களைப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு பெரிய கல்லுக்குள் ஒரு அடுப்பை மூட்டிச் சமைக்க எவ்வளவு துணிவு வேண்டும்.

அங்கிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் சதுர வீடு. ஊரார் அப்படித்தான் சொல்கிறார்கள், ஆனால் அது சதுரமும் இல்லை, வீடும் இல்லை. நீளமான கோயில். உயர்ந்த பீடம், அகலப் படிகள், முகப்பில் உருண்டைத் தூண்கள், உள்ளே மூலஸ்தானம்போல ஒரே ஓர் அறை. அரசன் ஒருவன் தன் வாரிசுகளாக நினைத்திருக்க, இளவயதிலேயே செத்துப்போன இரண்டு பையன்களின் பெயருக்கு எழுப்பியது என்றான் தம்பி. முகப்பிலிருந்த வெண்கல எழுத்துகள் எப்போதோ கழன்றுவிட்டன. ஆணி அடித்த துவாரங்களை மட்டும் வைத்து ஓர் ஆள் அந்தப் பெயர்களைத் திரும்ப வாசித்திருக்கிறார். அந்தப் பொறுமையை நினைக்க எனக்குக் கை எடுத்துக் கும்பிடவேண்டும் போலிருந்தது.

தம்பி படியேறிவிட்டான். என் கால் முதல் படியில் நின்றுவிட்டது.

துடக்கு. சாவு வீட்டுத் தீட்டு, முப்பத்தொன்று கழியாமல் கோயில் படி மிதிக்கக் கூடாது. அப்பா இந்த விஷயத்தில் வலு கறார். பெரியப்பா செத்த மாதம் எங்கள் கோயிலில் தேர் வந்தது. அப்பா வெளிவீதிக்கும் அப்பால், தண்ணீர்ப் பந்தலோடு நின்று, வெகு தூரத்தில் அசைந்துபோன தேர்முடியை மட்டும் பார்த்துக் கும்பிட்டார். வடம் பிடிக்காத வருடம் அவருக்கு அது ஒன்றுதான்.

"என்ன அக்கா, ஏறுங்கோவன்."

"எனக்குத் துடக்கு. உனக்கும்தான்."

"இது உரோமன்ரை கோயில். சாமி போய்க் கனகாலம்."

"கோயில் கோயில்தானே."

தம்பி சிரிக்கவில்லை. மேலே நின்ற இடத்திலேயே நின்றான். இதற்கிடையில் நாய்க்குட்டியோடு வந்த ஒரு வயதான பிரெஞ்சுப் பெண் என்னைக் கவனித்துவிட்டாள். எனக்குப் படியேற முழங்கால் முடியவில்லை என்று நினைத்து, நாயின் கயிற்றை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையை எனக்கு நீட்டினாள். வேண்டாம் என்று தலையசைத்தேன். அவள் என் முழங்கையைப் பிடித்து, தைரியம் சொல்வதுபோல ஏதோ சொன்னாள். தம்பி இறங்கி வந்து நன்றி சொல்லி அனுப்பிவைத்தான். பிறகு அவனும் திரும்பப் படியேறவில்லை. நான் அதைப் பார்த்தும் பாராததுபோல இருந்தேன்.

வாய்க்கால் ஓரமாக, மொட்டை மரங்களுக்குக் கீழே நடந்தோம். ஒஸ்லோவில் அப்போது பனி முழங்காலளவு. இங்கே வெயில் முதுகைச் சுட்டது. இதுதான் தருணம் என்று ஆரம்பித்தேன்.

"பின்னேரம் ரயில் இருக்கு. அம்மா உன்னை நம்பிக்கொண்டு இருக்கிறா."

"ஆரோ ஒரு ஐயர், ஆரோ ஒருத்தற்றை கலியாண ஹோல், பிளாஸ்டிக் வாளியிலை தண்ணி. அப்பாவுக்கு அதுதானோ அக்கா?"

"கீரிமலைக்குப் போக ஊரிலை இருக்கிற ஆக்களுக்கே வழி இல்லை. நாங்கள் எங்கை போறது?"

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு அந்தியேட்டி என்றால் கீரிமலை. கடலோரத்தில் நிலத்துக்கு அடியிலிருந்து நன்னீர் ஊறி வரும் கேணி. அந்த வருடங்களில் அது இராணுவ வேலிக்கு அப்பால் இருந்தது.

வாய்க்கால் ஒரு பெரிய பூங்காவில் போய் முடிந்தது. மலையடியில் பச்சைத் தண்ணீர், அதைச் சுற்றி அரைவட்டப் படிகள். உரோமர் வருமுன்பே இந்த ஊற்றைச் சாமி என்று கும்பிட்டார்களாம். நகரமே இதைச் சுற்றித்தான் எழும்பியது. தண்ணீர் சத்தமில்லாமல் அடியிலிருந்து எழும்பிக்கொண்டிருந்தது. தம்பி குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். நான் ஏனென்று கேட்க வாயெடுக்கமுன், சீருடை போட்ட காவலாளி ஒருவர் எங்களை நோக்கி விறுவிறுவென்று வந்தார்.

தண்டம் கட்டவேண்டி வரும் என்று பயந்து, எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலை குனிந்தார். தம்பியின் கையைக் குலுக்கி ஒரு கேள்வி கேட்டார். பிறகு படிக்கு இறங்கும் சின்னக் கம்பிக் கதவைத் திறந்துவிட்டு, தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை."

"சொல்லு."

"நேற்று ஏன் வரேல்லை எண்டு கேக்கிறார்."

நேற்று அவன் என்னைக் கூட்டிவர விமான நிலையத்தில் நின்றான். எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஒவ்வொரு நாளும் வாறனியோ?"

"செய்தி வந்த அண்டையிலை இருந்து. வேலைக்குப் போக முதல். குளிக்க வந்தனான் எண்டு நினைச்சு முதல் நாள் ஏசினவர். அப்பாவைப் பற்றிச் சொன்னன். பிறகு கதவு திறந்து விடுறார்."

"என்ன செய்வாய்?"

"ஒரு கை தண்ணி. அப்பாவின்ரை பேரும் ஊரும் சொல்லி விடுவன். மந்திரம் தெரியாது."

இறங்கிப்போய்க் குனிந்து நின்ற அவன் முதுகைப் பார்த்தேன். அசல் அப்பாவின் முதுகு. இவ்வளவு தூரம் வந்து இவனுக்குக் கடமை சொல்லிக் கொடுக்கப் பார்த்தேனே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கு மேலால் பெருமை பொங்கியது, கண் முட்டிவிட்டது. அன்று மாலை நாங்கள் ரயிலேறவில்லை.

அம்மாவிடம் சொல்லவேண்டுமே. பூங்கா வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டிலிருந்து எடுத்தேன். ஊரில் பக்கத்து வீட்டில்தான் போன் இருந்தது. வேலிக்கு மேலால் அதை அம்மாவிடம் நீட்டினார்கள்.

"தம்பி செய்வானோ?" அம்மாவின் முதல் கேள்வி அதுதான்.

"ஓம் அம்மா. நாளைக்கு விடிய. ஊற்றுத் தண்ணியிலை."

"கோயிலடியோ?"

"ஓம். சாமி இருந்த இடம். இந்த ஊர்ப் பழைய சாமி."

அம்மா யோசித்தார். "நாங்கள் வேறை ஆக்கள். அந்தச் சாமி கோவிக்காதோ?"

"கோவிக்காது அம்மா. அதைக் கும்பிட்ட சனம் இப்ப இல்லை. அதுக்கும் இஞ்சை ஒருத்தரும் இல்லை."

அம்மா குரலைத் தணித்தார்.

"அப்ப அதுக்கும் ஒரு கை தண்ணி விடச் சொல்லு."

மறுநாள் விடியக் காவலாளி வந்து கதவைத் திறந்துவிட்டு, வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றார். வழக்கத்தில் இடமில்லாத நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தம்பிக்குப் பின்னால் படியிறங்கினேன். அவன் முதல் கைத் தண்ணீரை அப்பாவின் பெயரும் எங்கள் ஊரின் பெயரும் சொல்லி விட்டான். இரண்டாவது தரம் அள்ளிக்கொண்டு என்ன பெயர் சொல்வதென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். தண்ணீர் விரலிடுக்கால் ஒழுகிக்கொண்டிருந்தது. எனக்கும் தெரியவில்லை. "நீம்" என்று ஊரின் பெயரையே சொல்லி விட்டான்.